மூன்று டேட்டாபேஸ்களும் ஒரு முதல் நன்மையும்

சிலருக்குச் சர்க்கரை வியாதி, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் வியாதி. பல் துலக்கும் பிரஷ் ஒன்று வாங்குவதென்றால்கூட நாலு கடை ஏறி இறங்கி, விலை பார்த்து, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய புகார்களையெல்லாம் படித்து, கடைசியில் வீட்டுக்கு வந்து பழைய பிரஷ்ஷிலேயே பல் துலக்குகிற ரகம் நான். மேற்படிப்புக்காக ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு வந்த முதல் வருடம், எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று குளிர்காலம் முழுக்க ஆராய்ந்தேன். அதுவரை பாலையும் தயிரையும் ஜன்னலுக்கு வெளியே வைத்துச் சமாளித்தேன். டிசம்பர் ஒத்துழைத்தது, ஜனவரியும் ஒத்துழைத்தது. ஏப்ரல் ஒத்துழைக்கவில்லை. அந்த மாதம் என் அறைப் பக்கம் நண்பர்கள் யாரும் தலைகாட்டவில்லை (விடுதி நிர்வாகி மட்டும் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு).

இந்த வியாதி ஒரு முறை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

படிப்பு முடிந்ததும் எசன் நகரில் வேலை கிடைத்தது. நிறுவனங்களின் சரக்கு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் அட்டவணை அட்டவணையாகச் சேமித்து வைக்கிற டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள் அனிற்றா. எசனிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண். முதல் நாள் காபி மெஷின் பக்கத்தில் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றேன். அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியாமலே நானும் சிரித்து வைத்தேன். ஒரு வருடத்தில் விஷயம் அவள் வீடு வரைக்கும் போய்விட்டது.

அவளுடைய அப்பா அந்தோனிப்பிள்ளை, ஊருக்கெல்லாம் அன்ரன் அண்ணை. அகதியாக வந்து, ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, படிப்படியாகச் சொந்தமாகச் சமையல் தொழிலும் மண்டப அலங்காரமும் என்று வளர்ந்தவர். எங்கள் வட்டாரத்துத் தமிழர் வீட்டில் கல்யாணம், பிறந்தநாள், முதல் நன்மை, நினைவு நாள் எது வந்தாலும் சாப்பாடு அவருடையதாகத்தான் இருக்கும். அவர்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டிலோ திருப்பூரில் சுவருக்கு ஒரு முருகன். அதைப் பற்றி என்ன கேட்பாரோ என்று பயந்துகொண்டுதான் முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கேள்வி அனிற்றாவின் அம்மாவிடமிருந்து வந்தது.

"தம்பி, ரீ குடிப்பியளோ, கோப்பி குடிப்பியளோ?"

யோசித்தேன். மத்தியானம் காபி குடித்தாயிற்று. டீ என்றால் பால் ஊற்றுவார்களா, வெறும் சாயமா என்று தெரியவில்லை.

"எது உங்களுக்கு ஈஸியோ அது போதுங்க ஆன்ட்டி."

"ரெண்டும் எனக்குச் சுகம்தான் தம்பி. சொல்லுங்கோ."

மறுபடி யோசித்தேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். அன்ரன் அண்ணை கையில் எடுத்த பற்றிஸ் பலகாரத்தைக் கடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அனிற்றாதான், "அவருக்கு ரீ குடுங்கோ அம்மா" என்று என்னைக் கரையேற்றினாள். (டீ நன்றாக இருந்தது. ஆனாலும் காபி சொல்லியிருக்கலாமோ என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.)

டீ குடித்து முடித்ததும் அன்ரன் அண்ணை தொழில் விஷயத்துக்கு வந்தார். சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்குள்ளும் மூன்று நிறப் பேனாவில் குறுக்கும் நெடுக்குமாக வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள்.

"என்ரை ஓடர் எல்லாம் உதிலைதான் கிடக்கு. மிச்சம் ரெலிபோனிலை. அதுக்கும் மிச்சம் இதிலை." தலையைத் தட்டிக் காட்டினார். "போன மாசம் பிழைச்சுப் போச்சு தம்பி. ஒரு முப்பத்தொராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு, பிறந்தநாள் பலூன் வளைவு போயிட்டுது. செத்தவரின்ரை படத்துக்கு மேலை 'ஹப்பி பேர்த்டே' எண்டு கிடக்கு. அந்த வீட்டு ஆக்கள் இன்னும் என்னோடை கதைக்கிறேல்லை."

அனிற்றா சிரிப்பை அடக்க எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"நீங்கள் உந்த டேட்டாபேஸ் வேலைதானே செய்யிறியள்? இதை ஒருக்கா ஒழுங்குக்குக் கொண்டுவந்து தாங்கோ பாப்பம்."

அவ்வளவுதானா, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் அலுவலகத்தில் அனிற்றா உண்மை நிலவரத்தைச் சொன்னாள்.

"அப்பா உங்களை நல்ல பொடியன் எண்டுதான் சொன்னவர். ஆனா ரீயோ கோப்பியோ எண்டு முடிவெடுக்கவே இவ்வளவு நேரம் எண்டால், உவன் ஒரு குடும்பத்தை எப்பிடி நடத்தப் போறான் எண்டு கேக்கிறார். உந்த வேலையை ஒழுங்காச் செய்து குடுக்கட்டும், பிறகு கலியாணக் கதை கதைப்பம் எண்டிட்டார்."

ஆக, அது டேட்டாபேஸ் வேலை இல்லை, மாப்பிள்ளைத் தேர்வு. இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான்? கைக்கு வந்த ஏதாவது ஒரு டேட்டாபேஸை எடுத்து, அன்ரன் அண்ணையின் ஓடர்களை அதில் ஏற்றி, ஒரு சனிக்கிழமைக்குள் வேலையை முடித்து, அடுத்த சனிக்கிழமை தட்டு மாற்றியிருப்பான். நான் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன்.

களத்தில் மூன்று பேர். முதலாவது போஸ்ட்கிரெஸ், சின்னம் யானை. இரண்டாவது மைஎஸ்கியூஎல், சின்னம் டால்பின். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. மூன்றாவது, ஒரு பெரிய நிறுவனம் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது. சோதித்துப் பார்க்க மட்டும் சும்மா தருவார்கள். அதற்கு அனிற்றா 'கோட்டுக்காரர்' என்று பெயர் வைத்தாள். எவர் கணக்குத் தவறாமல் எழுதுவார், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே மண்டபத்தைப் பதிவு செய்ய வந்தால் எவர் சண்டையில்லாமல் தீர்த்து வைப்பார், கம்ப்யூட்டர் செத்துப்போனால் எவரைச் சீக்கிரம் எழுப்பலாம், தமிழ்ப் பெயரையும் ஜெர்மன் தெருப் பெயரையும் எவர் சிதைக்காமல் வைத்திருப்பார், தொழில் பெருத்தால் எவர் தாங்குவார், வருடா வருடம் எவருக்கு எவ்வளவு தண்டம் அழ வேண்டும். எங்கள் ஊரில் ஜாதகப் பொருத்தம்கூடப் பத்துதான் பார்ப்பார்கள். நான் அந்தப் பத்தையெல்லாம் எப்போதோ தாண்டிப் போய்விட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் அனிற்றா. "அப்பாவுக்கு ஒரு கிழமைக்கு வாறது அஞ்சாறு ஓடர். உந்த மூண்டிலை எதைப் போட்டாலும் ஓடும்."

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க. ஒரு காலத்துல உங்க அப்பா ஐரோப்பா முழுக்க பிரான்ச் போட்டா?"

"அவர் பக்கத்திலை கிடக்கிற டோர்ட்முண்டுக்குப் போறதுக்கே தூரம் எண்டு முணுமுணுக்கிறவர்."

அவள் சொன்னதுதான் முழு உண்மை. அந்த அளவுத் தொழிலுக்கு மூன்றுமே தாராளம். இப்போது இதே கேள்வியோடு யாராவது சிறு வியாபாரிகள் என்னிடம் வந்தால், "உங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற ஆளுக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைப் போடுங்கள்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறேன். அப்போது எனக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக வாரம் தவறாமல் அன்ரன் அண்ணை வீட்டுக்குப் போய், புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச கறியும் சாப்பிட்டபடி அவருக்கு வகுப்பெடுத்தேன்.

"ஒரு ஆர்டர்னா அதுக்குள்ள சாப்பாடு, கேக், மேசை, பூ எல்லாம் இருக்கும்ங்க அங்கிள். பதிஞ்சா எல்லாம் சேர்ந்து பதியணும், இல்லேன்னா ஒண்ணுமே பதியக்கூடாது. பாதி பதிஞ்சது பாதி பதியலைங்கற பேச்சே இருக்கக்கூடாது."

"கோயில்லை கலியாணம் கட்டின மாதிரி. பாதிக் கலியாணம் எண்டு ஒண்டு இல்லைத்தானே."

"அதேதாங்க! நடுவுல ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா, அப்படியே திருப்பி எடுத்துடலாம். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்."

அன்ரன் அண்ணை புட்டைப் பிசைந்தபடி யோசித்தார். "ஒண்டுமே நடக்காத மாதிரியோ?"

"ஒண்ணுமே நடக்காத மாதிரிங்க."

"நல்ல சாமான்தான்," என்றார். பிறகு, "அப்ப இந்த மூண்டிலை எதைப் போடப் போறியள்?" என்று கேட்டார்.

"அதை இன்னும் முடிவு பண்ணலைங்க அங்கிள்."

அவர் மனைவி என் முன்னால் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனார். என்ன வேண்டும் என்று கேட்பதை அதற்குள் நிறுத்தியிருந்தார்.

காகிதத்தில் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் மூன்றும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன. என் மாதிரி ஆட்களுக்கு இதைவிடப் பெரிய சித்திரவதை கிடையாது. நிஜ வேலை கொடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அன்ரன் அண்ணைக்கு ஒரு திரை செய்து கொடுத்தேன். அவர் அதில் ஓடரை ஒரு தடவை அடித்தால் போதும். அது திரைக்குப் பின்னால் யானை, டால்பின், கோட்டுக்காரர் மூவரிடமும் போய்ப் பதியும். வியாழக்கிழமையானால் மூவரும் அந்த வாரத்துக்கான சமையல் சீட்டைத் தாங்களாகவே தயாரிப்பார்கள். யானையின் சீட்டு மட்டும் சமையலறை பிரிண்டரில் வரும். மற்ற இரண்டும் என் கம்ப்யூட்டரில் கோப்பாகச் சேரும், நான் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டு வாரம் கடிகாரம் மாதிரி ஓடியது.

இதில் எனக்கு மகா பெருமை தந்த அம்சம் ஒன்று உண்டு. சமையல் சீட்டில் வாடிக்கையாளரின் பெயர் வராது. என்ன பதார்த்தம், எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு, ஓடர் எண் என்ன, அவ்வளவுதான். மண்டப முகவரிகூட அன்ரன் அண்ணையிடம் தனியாக இருக்கும்.

"பேர் இல்லாட்டி ஆருக்குச் சமைக்கிறம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் தலைமைச் சமையல்காரர் மணியண்ணை.

"சமைக்கறதுக்குப் பேர் எதுக்குங்கண்ணா? இது ஜெர்மனி. டாட்டன்ஷுட்ஸ்."

டாட்டன்ஷுட்ஸ் என்றால் தகவல் பாதுகாப்பு. இந்த நாட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத விதி. மணியண்ணையும் மூடிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வந்தது. கத்தோலிக்கக் குழந்தைகள் வெள்ளை உடுப்பில் முதல் நன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை அப்பம், வாங்குகிற நாள். அன்ரன் அண்ணையின் தம்பி மகள் ஷரோனுக்கும் அன்றுதான். இருநூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு, திறந்த பைபிள் வடிவத்தில் ஒரு பெரிய கேக். சொந்தக்காரர்கள் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறார்கள், அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிறுத்திக் காட்டப் போகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்குப் பிறகு கல்யாண முடிவைச் சொல்வதாக அனிற்றாவிடம் அன்ரன் அண்ணை சொல்லியிருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமை சமையலறை பிரிண்டர் உயிரை விட்டது. இத்தனை வருட எண்ணெய்ப் புகையை அது தாங்கியதே பெரிது. ஓடிப் போய் ஒரு கடையில் கண்ணில் பட்ட முதல் பிரிண்டரை வாங்கி வந்து மாட்டினேன். என் வாழ்க்கையில் எதோடும் ஒப்பிடாமல் நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். மாட்டுகிற அவசரத்தில், 'எல்லாச் சீட்டும் இந்த பிரிண்டருக்கே' என்று திரையில் கேட்டதற்குச் சரி என்று அழுத்திவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

மறுநாள் என்ன நடந்தது என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவந்தது. வியாழன் காலை மணியண்ணை வந்து பார்த்தபோது மூன்று சீட்டுகள் கிடந்திருக்கின்றன. யானை ஒன்று, டால்பின் ஒன்று, கோட்டுக்காரர் ஒன்று. ஒவ்வொரு டேட்டாபேஸும் தனக்கென ஒரு ஓடர் எண் கொடுக்கும் என்பதால் எண்கள் மூன்றும் வேறு வேறு. பெயர் எதிலும் இல்லை. மணியண்ணை அன்ரன் அண்ணைக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் டியூலிப் பூ வாங்க ஹாலந்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "கொம்பியூட்டரிலை வந்தமாதிரிச் செய்யுங்கோ மணி. அது பிழை விடாது," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்.

ஞாயிறு காலை கோட்டு சூட்டில் தேவாலயத்துக்குப் போனேன். எல்லோரும் எழும்போது உட்கார்ந்தேன், உட்காரும்போது எழுந்தேன். அனிற்றா என் கோட்டைப் பிடித்து இழுத்து இழுத்து வழிநடத்தினாள். பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால் வெள்ளையும் நீலமுமாக அலங்காரம், நடுவில் டியூலிப், மேசையில் பைபிள் கேக். வழக்கமாகக் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது (டாட்டன்ஷுட்ஸ்). உறவினர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் அன்ரன் அண்ணை பக்கத்தில் போய் நின்று, வெற்றிச் செய்தியைச் சொல்லப் போனை எடுத்தேன்.

"அங்கிள், ரிசல்ட் வந்துடுச்சுங்க. மூணு டேட்டாபேஸும் இந்த வார ஆர்டரை ஒரே மாதிரி எடுத்திருக்கு. ஒரு எரர்கூட இல்லை!"

"நல்லது. அப்ப எதைப் போடுறது?"

"அதை அடுத்த வாரம் சொல்றேங்க. இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கு."

அன்ரன் அண்ணை ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே என் கல்யாணம் பாதி கரைந்துவிட்டது. மீதியைக் கரைக்க மணியண்ணை வந்தார்.

"அண்ணை, மற்ற ரெண்டு ஹோலின்ரை அட்றசையும் தாங்கோ. பொடியள் வானோடை நிக்கிறாங்கள், சாப்பாடு ஆறப் போகுது."

"எந்த ரெண்டு ஹோல்? மண்டபம் இது ஒண்டுதானே?"

"இண்டைக்கு மூண்டு முதல் நன்மையெல்லோ?" மணியண்ணை சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

அன்ரன் அண்ணை அவற்றை வாங்கிப் பார்த்தார். "மூண்டும் ஒரே மெனுவாக் கிடக்கே மணி."

"எல்லாம் ஒரே கோயில் சனம்தானே அண்ணை. ஒருத்தர் என்ன குடுக்கினம் எண்டு பாத்துத்தானே மற்றவை ஓடர் குடுக்கிறவை."

"ஆக்களும் இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது?"

"ஒருத்தருக்கு ஒருத்தர் குறைஞ்சு காட்டுவினமோ?"

இதில் மணியண்ணையின் பிழை என்று சொல்ல எதுவுமே இல்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"பேரைப் பாத்திருக்கலாமே."

"பேர் எங்கை போட்டுக்கிடக்கு? தம்பிதானே டாட்டன்ஷுட்ஸ் எண்டவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து கேக் செய்கிற அக்கா கைப்பையும் கார்ச் சாவியுமாக வந்து சேர்ந்தார். "அன்ரன் அண்ணை, மற்ற ரெண்டு பைபிளும் காருக்கை கிடக்கு. எங்கை கொண்டு போறது? கிறீம் உருகுது."

அன்ரன் அண்ணை வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். வேனின் பின்கதவைத் திறந்தார். ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் முகத்தில் அடித்தது. தட்டுத் தட்டாக இடியப்பம், கூரை வரைக்கும். பக்கத்து வேனிலும் அதே காட்சி. எசனிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிற அத்தனை பெண்களையும் மணியண்ணை வேலைக்குப் பிடித்திருக்கிறார். காலில் விழலாமா, ஓடிவிடலாமா என்று யோசித்தேன் (அதிலும் முடிவுக்கு வர முடியவில்லை).

அன்ரன் அண்ணை என் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"தம்பி, பிழைச்சால் திருப்பி எடுக்கலாம், ஒண்டுமே நடக்காத மாதிரி ஆகுமெண்டு சொன்னனீங்களெல்லோ. எங்கை, இந்த இடியப்பத்தை ஒருக்காத் திருப்பி எடுங்கோ பாப்பம்."

அனிற்றாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஒரு பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்கு ஆகிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். "மணி, ஒரு வான் கோயில் மண்டபத்துக்கு. அங்கை ஜெர்மன் சனம், போலந்துச் சனமெல்லாம் பிள்ளையளோடை நிக்குது, கோப்பியும் பிஸ்கற்றும்தான் குடுக்கினம். மற்ற வான் அகதி முகாமுக்கு. நான் வந்திறங்கின இடம். ஞாயிற்றுக்கிழமையிலை அங்கை என்ன சாப்பாடு கிடைக்குமெண்டு எனக்குத் தெரியும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்கோ. உது நீங்கள் குடுத்த ஓடர்."

கோட்டைக் கழற்றி அனிற்றாவிடம் கொடுத்தேன். யாரோ ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் ஜெர்மன் குடும்பங்களுக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறினேன். ஒரு பாட்டியம்மா இதற்கு முள்கரண்டியா, கரண்டியா என்று கேட்டார். கையால் பிசைந்து காட்டினேன். அவரும் மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். பெயரில்லாத பைபிள் கேக்கை நாலைந்து குழந்தைகள் தங்களுடையது என்றே நினைத்து வெட்டிவிட்டார்கள். ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, இவ்வளவு உணவு, என்ன விசேஷம் என்று கேட்டார். மென்பொருள் சோதனை என்றேன். மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். இந்த நாட்டில் சோதனை என்று சொல்லிவிட்டால் எதையும் ஒத்துக்கொள்வார்கள்.

முகாமில் யாரும் விசேஷம் என்னவென்று கேட்கவில்லை. கோப்பைகளோடு வந்தார்கள், நிரப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் இரண்டாவது தடவை வந்து, தன் அறையில் காய்ச்சலோடு இருக்கிற கணவனுக்கு என்று சைகையில் கேட்டாள். மணியண்ணை அவளுக்கு இரண்டு மடங்கு கறி ஊற்றினார். நான் பாட்டுக்கு இடியப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். காலையிலிருந்து முதல் முறையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது சாயங்காலம். மிச்சத்தையெல்லாம் சொந்தக்காரர்கள் ஐஸ்கிரீம் வாளிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் கோஷ்டி இடியப்பத்தோடு பாரிஸ் போனது. போகிற போக்கில் ஒவ்வொருவரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பின்பக்கம் போய்க் கிடாரங்களை, அந்தப் பெரிய சமையல் அண்டாக்களை, தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று விசேஷத்துக்கான கிடாரங்கள்.

கொஞ்ச நேரத்தில் அன்ரன் அண்ணை வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கிடாரத்தை இழுத்துக்கொண்டார். பாத்திரம் தேய்ப்பதில் அவருடைய கை வேகமே தனி.

"அப்ப என்ன மாதிரி? எதைப் போடுறது?"

"யானைங்க அங்கிள்."

"ஏன்?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதாங்க. வேற காரணமே இல்லை."

"அடுத்த கிழமை ரெண்டு டெஸ்ட் இருக்கெண்டியள்?"

"இல்லைங்க. முடிஞ்சுதுங்க."

அவர் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு வேறு எங்கோ பார்த்தபடி, "ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்கோ. என்ரை பிள்ளையையும் இப்பிடித்தான் மூண்டு பேரோடை வைச்சு ஒப்பிட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க அங்கிள்," என்றேன். இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அவளை மட்டும் யாரோடயும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னே எனக்குத் தோணலைங்க. காபி மெஷின்கிட்ட நின்னு சிரிச்சா. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அன்ரன் அண்ணை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இஞ்சை, மருமகனுக்கு ஒரு ரீ கொண்டு வாங்கோ!"

அந்த டீயை நான் கிடாரக் கறைக் கையோடேயே குடித்தேன். அதைவிட நல்ல ஒரு டீயை இன்றுவரை குடித்ததில்லை.

யானை இன்றும் அன்ரன் மாமாவின் அலுவலகத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. டால்பினும் கோட்டுக்காரரும் நல்லவர்கள்தான், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு விடை கொடுத்துவிட்டேன். சமையல் சீட்டில் இப்போது வாடிக்கையாளர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. அந்தக் கோயில் மண்டபத்து ஜெர்மன்காரர்கள் ஒவ்வொரு வருடமும் முதல் நன்மைக்கு மாமாவிடம் இடியப்பம் சொல்லுகிறார்கள். ஓடர் கொடுக்கும்போது மறக்காமல், ஒரு தடவை மட்டும் போதும் என்று சேர்த்துச் சொல்லுகிறார்கள்.

வீட்டில்தான் எனக்கு விடிவு இல்லை. மாமி வீட்டுக்குப் போனால் டீ, காபி, பால் விடாத பிளேன்டீ என்று மூன்று கோப்பை என் முன்னால் வரும். "ஒப்பிட்டுப் பாத்து ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி" என்பார். பிறந்தநாளுக்கு ஒரே நிறத்தில் மூன்று சட்டை வரும். ஷரோன் இப்போது வளர்ந்துவிட்டாள். உலகத்திலேயே மூன்று முதல் நன்மை வாங்கிய ஒரே ஆள் தான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்கிறாளாம்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அனிற்றாவின் பக்கத்தில் வைத்தாள். மாமா குனிந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குழந்தையின் விரலைத் தொட்டார், மூக்கை உறிஞ்சினார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, நர்ஸுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார், என்னிடம் திரும்பினார்.

"ஒண்டுதானோ? மற்ற ரெண்டும் எந்த ஹோலுக்குப் போயிட்டுது?"

"ஐயோ அப்பா, சிரிப்புக் காட்டாதேங்கோ, தையல் நோகுது!" என்று கண்ணீர் வரச் சிரித்தாள் அனிற்றா. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா என்ன சொன்னார் என்று என்னிடம் ஆவலாகக் கேட்டாள்.

"சொல்ல முடியாது," என்றேன். "டாட்டன்ஷுட்ஸ்."